செங்கல்லை முத்தமிடும் பந்தயம்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இண்டியானா மாநிலத்தின் தலைநகரம் இண்டியானாபோலிஸ். ஆண்டுதோறும் மே மாத இறுதியில், போரில் மாண்டவர்களை அந்நாட்டு மக்கள் நினைவுகூரும் நாளையொட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையன்று, அங்குள்ள ஓர் ஓடுபாதையில் 33 பந்தயக் கார்கள் வரிசைக்கு மூன்றாக அணிவகுக்கின்றன. சுமார் இரண்டரை இலட்சம் பேர் அமர்ந்து பார்க்கக்கூடிய இடம் அது. கார்கள் அப்பாதையை 200 முறை சுற்றி வரவேண்டும். மொத்தத் தொலைவு 500 மைல், அதாவது ஏறத்தாழ 805 கிலோமீட்டர். ‘இண்டியானாபோலிஸ் 500’ என்று உலகம் அறிந்த மோட்டார் பந்தயம் இதுதான். 1911ஆம் ஆண்டில் தொடங்கிய இப்பந்தயம் இரு உலகப் போர்களின்போது மட்டுமே, 1917, 1918 ஆகிய ஆண்டுகளிலும் 1942 முதல் 1945 வரையிலும், நடைபெறவில்லை.

பந்தயத்தில் வென்றவர் அங்கேயே ஒரு புட்டிப் பாலைக் குடிக்கிறார். பின்னர்த் தம் குழுவினருடன் ஓடுபாதைக்கு வந்து, மண்டியிட்டுக் குனிந்து, தரையில் பதிக்கப்பட்டிருக்கும் ஒரு கெஜ அகலச் செங்கல் வரிசையை முத்தமிடுகிறார்.

மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் கார்களுக்கும் பழைய செங்கல்லுக்கும் என்ன உறவு? எண்ணிக்கை ஏன் சரியாக 33? விடை தேடிப் போனால், விழாச் சடங்குகளாக இன்று தோன்றும் பலவும் ஒரு காலத்தில் பாதுகாப்பு ஏற்பாடுகளாக இருந்தவை என்பது தெரியவரும். சிலவற்றின் பின்னே உயிர்ப்பலியும் உண்டு. அந்த வரலாற்றையும் அதனுள் இருக்கும் இயற்பியலையும் இங்கே காண்போம். கையில் ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் நல்லது.

செங்கல் வந்த கதை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்மன், நேஷனல் போன்ற மோட்டார் நிறுவனங்கள் இண்டியானாபோலிஸில் இயங்கி வந்தன. கார்களைச் செய்துவிட்டார்கள், ஆனால் அவற்றை நீண்ட நேரம் முழு வேகத்தில் ஓட்டிச் சோதித்துப் பார்க்கத் தகுந்த சாலை இல்லை. குதிரை வண்டிகள் சென்ற மண்சாலைகளில் அது நடவாத காரியம். கார் முகப்பு விளக்குகளுக்கு அசெட்டிலின் வாயு தயாரித்து விற்றுப் பொருள் ஈட்டிய கார்ல் ஃபிஷர் என்பவர், ஜேம்ஸ் ஆலிசன், ஆர்தர் நியூபி, ஃபிராங்க் வீலர் ஆகிய மூவருடன் கூடி, நகருக்கு வெளியே இருந்த விளைநிலத்தை வாங்கி 1909இல் ஓர் ஓடுபாதையை அமைத்தார். அங்கு நடந்த முதல் போட்டி எது தெரியுமா? வாயு நிரப்பிய பலூன்களின் போட்டி! 1909 ஜூன் 5ஆம் நாள் அது நடந்தபோது பாதை வேலை முடிந்திருக்கவில்லை.

கார்ப் போட்டிகள் அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கின. பாதை உடைத்த கருங்கல் சல்லியாலும் தாராலும் ஆனது. கார் முன்னே செல்ல வேண்டுமானால் அதன் சக்கரம் தரையைப் பின்னோக்கித் தள்ள வேண்டும். வளைவில் திரும்ப வேண்டுமானால் தரையைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். இந்த இரு விசைகளையும் தாங்கிக்கொள்ளும் உறுதி அச்சல்லிப் பரப்புக்கு இல்லை. ஓட்டம் தொடங்கிய சில மணி நேரத்திற்குள் பாதை பெயர்ந்தது, பள்ளங்கள் விழுந்தன, சல்லிகள் குண்டுகள்போலப் பறந்தன, புழுதி ஓட்டுநர்களின் கண்ணை மறைத்தது. மூன்று நாட்களில் ஓர் ஓட்டுநர், இரண்டு மெக்கானிக்குகள், இரண்டு பார்வையாளர்கள் என ஐவர் உயிரிழந்தனர். இறுதி நாளின் 300 மைல் பந்தயம் பாதியில் நிறுத்தப்பட்டது.

ஓடுபாதையை மூடிவிடலாமா என்ற கேள்வி எழுந்தது. உரிமையாளர்கள் வேறு முடிவுக்கு வந்தனர். நெருக்கமாகப் பதித்து, இடைவெளிகளில் காரை பூசினால், சக்கரத்தின் தள்ளுவிசையைத் தாங்கக் கூடியது கெட்டிச் செங்கல். 32 இலட்சம் செங்கற்கள் கொண்டுவரப்பட்டன. ஒவ்வொன்றும் நாலு கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ளது. 63 நாட்களில், இரண்டரை மைல் நீளப் பாதை முழுவதும் அவை பதிக்கப்பட்டன. அன்று முதல் அந்த ஓடுபாதைக்குச் ‘செங்கற்சூளை’ என்ற செல்லப்பெயர் வழங்கலாயிற்று.

பின்னாளில் தார்ப் பரப்பு மேம்பட்டதும் செங்கற்கள் சிறிது சிறிதாக மூடப்பட்டன. 1961இல் கடைசிப் பகுதியும் மூடப்பட்டபோது, தொடக்கக் கோட்டில் மட்டும் ஒரு கெஜ அகலத்திற்குச் செங்கற்களை அப்படியே விட்டுவைத்தார்கள். 1996இல் அங்கு நடந்த வேறொரு கார்ப் பந்தயத்தில் வென்ற டேல் ஜாரெட் தம் குழுவினருடன் அவற்றைக் குனிந்து முத்தமிட்டார். 2003இல் ‘500’ பந்தயத்தை வென்ற ஜில் டி ஃபெரான் அவ்வாறே செய்தார். அது மரபாகிவிட்டது. ஐந்து பேர் மாண்ட பிறகு, மேலும் சாவு நேராதிருக்கப் பதித்த கற்கள் அவை. அவற்றை வணங்குவது பொருத்தமற்றது என்று எனக்குத் தோன்றவில்லை.

33 என்ற எண்

அடுத்து, 33 என்ற எண்ணைப் பார்ப்போம். இதில் மந்திரம் ஏதுமில்லை. வெறும் வகுத்தல் கணக்குத்தான். 1911இல் நடந்த முதல் பந்தயத்தில் 40 கார்கள் ஓடின. நெரிசல் மிகுதி. பந்தயங்களை அந்நாளில் மேற்பார்வை செய்த அமெரிக்க மோட்டார்ச் சங்கம் மறு ஆண்டு ஒரு விதி வகுத்தது. பாதுகாப்பாக ஓட ஒரு காருக்கு 400 அடி நீளப் பாதை வேண்டும் என்பது அவ்விதி. ஓடுபாதையின் நீளம் இரண்டரை மைல். ஒரு மைலுக்கு 5,280 அடி. ஆக, 13,200 அடி. இதை 400ஆல் வகுத்துப் பாருங்கள். விடை 33.

விதி இயற்றப்பட்ட நாளில் கார்கள் ஓடிய வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர் அளவுதான். 400 அடியைக் கடக்க அன்று ஏறத்தாழ மூன்றே முக்கால் விநாடி ஆயிற்று. இன்றைய வேகத்தில் ஒன்றேகால் விநாடி போதும். எண் மாறவில்லை, அந்த எண் தந்த இடைவெளி காலத்தளவில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. அதை ஈடுசெய்ய வேறு பாதுகாப்புகள் வந்தன. 1935இல் ஓட்டுநர்கள் தலைக்கவசம் அணிவது கட்டாயமாக்கப்பட்டது. அதே ஆண்டில் ஓடுபாதையில் பச்சை, மஞ்சள் விளக்குகள் பொருத்தப்பட்டன. எங்கேனும் விபத்து நேர்ந்தால் மஞ்சள் விளக்கு எரியும். எல்லாக் கார்களும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஒரு சிறு கண்ணாடி

1911 மே 30 அன்று நடந்த முதல் பந்தயத்தில் மற்ற கார்களில் ஓட்டுநருடன் ஒரு மெக்கானிக்கும் அமர்ந்திருந்தார். எண்ணெய் அழுத்தத்தைக் கவனிப்பதும், பின்னால் வரும் கார்களைத் திரும்பிப் பார்த்து ஓட்டுநருக்குச் சொல்வதும் அவர் வேலை. மார்மன் நிறுவனத்தின் பொறியாளர் ரே ஹாரூன் மட்டும் தனியாக வந்தார். அவருடைய மஞ்சள் நிறக் காரின் பெயர் ‘குளவி’. ஒருவருக்கு மட்டுமே இடம் இருந்ததால் அதன் உடல் ஒடுங்கி, வால் குளவியின் கொடுக்குப்போல் கூர்மையாக இருந்தது. எடையும் குறைவு, காற்றுத் தடையும் குறைவு.

மற்றவர்கள் ஆட்சேபித்தனர். பின்னால் வருவதைப் பார்க்க ஆள் இல்லாமல் ஓட்டுவது எல்லோருக்கும் ஆபத்து என்பது அவர்களின் வாதம். அது நியாயமான வாதமும்கூட. ஹாரூன் தம் முன்னே நான்கு கம்பிகளின் மீது ஒரு கண்ணாடியைப் பொருத்தினார். சிகாகோ நகரில் ஒரு குதிரை வண்டியில் அத்தகைய கண்ணாடியைக் கண்ட நினைவு அவருக்கு இருந்தது. ஆட்சேபம் அடங்கியது.

வேகத்தைப் பற்றியும் ஹாரூனுக்கு ஒரு கணக்கு இருந்தது. மிகை வேகத்தில் ஓடினால் டயர்கள் விரைவில் தேயும். அவற்றை மாற்ற நிற்கும் நேரம், வேகத்தால் கிடைத்த நேரத்தை விழுங்கிவிடும். ஆகவே சீரான வேகத்தைக் கடைப்பிடித்தார். இடையே சிறிது தொலைவு சைரஸ் பாட்ச்கே என்பவர் அவருக்குப் பதிலாக ஓட்டினார். 6 மணி 42 நிமிடம் 8 விநாடியில் பந்தயம் முடிந்தது. சராசரி வேகம் மணிக்கு 74.6 மைல், அதாவது 120 கிலோமீட்டர். முதற்பரிசு ஹாரூனுக்கே கிடைத்தது.

பல ஆண்டுகள் கழித்து ஹாரூன் ஓர் உண்மையைச் சொன்னார். செங்கல் பரப்பில் கார் அதிர்ந்த அதிர்வில் அந்தக் கண்ணாடியில் எதுவுமே சரியாகத் தெரியவில்லையாம்! ஒரு தீர்வு இன்னொரு தீர்வைக் கெடுத்த கதை இது. செங்கல் பாதையைக் காத்தது. ஆனால் கண்ணாடியைக் குருடாக்கியது. பொறியியலில் இது அடிக்கடி நிகழ்வதுதான். அம்முதல் பந்தயத்தில் வேறொரு காரில் இருந்த மெக்கானிக் ஒருவர் விபத்தில் இறந்தார் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். 1912 முதல் 1922 வரையிலும், பின்னர் 1930 முதல் 1937 வரையிலும் மெக்கானிக்கை ஏற்றிச் செல்வது கட்டாயமாக இருந்தது. அதன்பின் அந்த இருக்கை நிலையாக மறைந்தது. ‘குளவி’ இன்றும் ஓடுபாதையின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தள்ளிச் சென்ற காரும் ஒரு குவளை மோரும்

எல்லா மரபுகளும் விபத்தில் பிறந்தவை அல்ல. மனித உறுதியில் பிறந்தவையும் உண்டு. 1912ஆம் ஆண்டுப் பந்தயத்தில் ரால்ஃப் டி பால்மா 200 சுற்றுகளில் 196 சுற்றுகள் முன்னணியில் இருந்தார். முடிவுக்கு இரண்டு சுற்றுகளே எஞ்சியிருந்தபோது எஞ்சினின் இணைப்புத் தண்டு ஒன்று முறிந்து, கார் நின்றுவிட்டது. டி பால்மாவும் அவருடைய மெக்கானிக் ரூபர்ட் ஜெஃப்கின்ஸும் கீழே இறங்கி, காரைத் தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டு வந்தனர். அவர்களைக் கடந்து சென்று வென்றவர் ஜோ டாசன். அவர் முன்னணியில் இருந்தது கடைசி இரண்டு சுற்றுகள் மட்டுமே. கூட்டம் எழுந்து நின்று ஆரவாரித்தது காரைத் தள்ளியவர்களுக்காக. 1915இல் டி பால்மா வென்றே விட்டார்.

பாலின் கதை 1936இல் தொடங்குகிறது. அவ்வாண்டு வென்ற லூயி மேயர் மூன்றாம் முறையாக வெற்றி பெற்றவர். இதை முதன்முதலில் சாதித்தவரும் அவரே. மணிக்கணக்கில் எஞ்சின் வெப்பத்தின் அருகில் அமர்ந்து ஓட்டிக் களைத்த அவர், கேட்டு வாங்கிக் குடித்தது மோர்! வெயிலுக்கு மோர் நல்லது என்று அவருடைய தாயார் சொல்லியிருந்தாராம். நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கு இது வியப்பளிக்காது. வியர்வையில் உடல் இழக்கும் நீரையும் உப்பையும் ஓரளவு ஈடுசெய்யும் பானம் அது. மேயர் புட்டியும் கையுமாக நிற்கும் படம் செய்தித்தாளில் வந்தது. பால் வணிகத்தைச் சேர்ந்த ஒருவர் அதைப் பால் என்று எண்ணி, வெல்பவர்க்கு ஆண்டுதோறும் பால் கிடைக்க ஏற்பாடு செய்தார். இடையில் சில ஆண்டுகள் விடுபட்டாலும், 1956 முதல் இவ்வழக்கம் நிலைபெற்றுவிட்டது. 1993இல் எமர்சன் ஃபிட்டிபால்டி முதலில் ஆரஞ்சுச் சாற்றைக் குடித்துவிட்டார், கூட்டம் கூச்சலிட்டது!

மேயர் வென்ற அதே ஆண்டில்தான் ‘போர்க்-வார்னர்’ வெள்ளிக் கோப்பையும் முதன்முறையாக வழங்கப்பட்டது. 1911 முதல் வென்ற ஒவ்வொருவரின் முகமும் அதில் புடைப்புச் சிற்பமாகச் செதுக்கப்பட்டுள்ளது. கோப்பையை யாரும் வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. அதன் சிறிய படிமம் ஒன்றே வெற்றியாளருக்குத் தரப்படுகிறது.

எஞ்சின்களை முடுக்கும்படி ஆணையிடும் புகழ்பெற்ற வாசகமும் மரபில் ஒன்று. நெடுங்காலம் அது ஆண்களை மட்டுமே விளித்தது. 1977இல் ஜேனட் கத்ரி என்ற பெண்மணி தகுதிச் சுற்றில் தேறி 33 பேரில் ஒருவரானபோது, அந்த வாசகத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. விமானப் பொறியியல் துறையில் பணியாற்றியவர் அவர். இயற்பியல் பட்டதாரி என்பதைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

வளைவு கேட்கும் கேள்வி

இனி நம் கணக்குக்கு வருவோம். 1909 முதல் இன்று வரை இந்த ஓடுபாதையின் வடிவம் மாறவில்லை. ஐந்தில் எட்டுப் பங்கு என்று தவறாகப் படித்துவிடாதீர்கள். ஒரு மைலை எட்டாகப் பங்கிட்டால் அதில் ஐந்து பங்கு நீளமுள்ள நேர்பாதைகள் இரண்டு, ஒரு பங்கு நீளமுள்ள நேர்பாதைகள் இரண்டு, கால் மைல் வளைவுகள் நான்கு. நான்கு வளைவுகளும் ஒரே அளவானவை. ஒவ்வொன்றும் கால் வட்டம். அதன் நீளம் 402 மீட்டர் என்பதால் வளைவின் ஆரம் 256 மீட்டர் என்று நீங்களே கண்டுகொள்ளலாம். வளைவில் பாதையின் வெளிப்புறம் உயர்த்தப்பட்டிருக்கிறது. சாய்வுக் கோணம் 9 பாகை 12 கலை.

ஏன் இந்தச் சாய்வு? வட்டத்தில் செல்லும் பொருளுக்கு மையத்தை நோக்கிய விசை வேண்டும். சாய்ந்த தரை காரைத் தாங்கும்போது, அத்தாங்கு விசையின் ஒரு கூறு மையத்தை நோக்கி அமைகிறது. உராய்வே இல்லாவிட்டாலும், இக்கூறு ஒரு குறிப்பிட்ட வேகம் வரை காரைத் திருப்பப் போதுமானது. அந்த வேகத்தின் வர்க்கம், ஆரம், புவியீர்ப்பு முடுக்கம், சாய்வுக் கோணத்தின் டான்ஜென்ட் ஆகிய மூன்றின் பெருக்கற்பலனுக்குச் சமம். 256 × 9.8 × 0.162 என்பது ஏறத்தாழ 406. இதன் வர்க்கமூலம் விநாடிக்கு 20 மீட்டர். மணிக்கு 73 கிலோமீட்டர் மட்டுமே! அதற்கு மேற்பட்ட வேகத்துக்கெல்லாம் டயரின் உராய்வே துணை.

உராய்வுக் குணகம் 1 என்று கொள்வோம். சாய்வும் உராய்வும் சேர்ந்தால் மணிக்கு 212 கிலோமீட்டர் வரை வளைவில் போகலாம் என்று கணக்கிடலாம். நல்ல பந்தய டயரில் குணகம் சற்றுக் கூடும்; வேகமும் கூடும். ஆனால் எல்லை ஒன்று இருக்கத்தான் செய்யும். காரின் எடையைக் கூட்டித் தரையில் அழுத்தினால் உராய்வு மிகுமே என்று நீங்கள் கேட்கலாம். வகுப்பில் மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. எடை இரு மடங்கானால் உராய்வு இரு மடங்காகும், உண்மை. ஆனால் காரைத் திருப்பத் தேவையான விசையும் இரு மடங்காகிவிடும். நிறை இரண்டு பக்கமும் இருப்பதால் அடிபட்டுப் போகிறது.

நிறையைக் கூட்டாமல் தரையில் அழுத்த ஒரு வழி இருக்கிறது. விமானத்தின் இறக்கை காற்றால் மேலெழும்புகிறது. அதையே தலைகீழாகக் காரில் பொருத்தினால் காற்று காரைக் கீழே அழுத்தும். காற்றுக்கு நாம் எடை கொடுக்க வேண்டியதில்லை! வேகம் இரு மடங்கானால் இந்த அழுத்தம் நான்கு மடங்காகும். 1971இல் தகுதிச் சுற்றின் முதலிட வேகம் மணிக்கு 287.6 கிலோமீட்டர். 1972இல் தனியே பொருத்தப்படும் இறக்கைகள் அனுமதிக்கப்பட்டன. முதலிட வேகம் 315.3 கிலோமீட்டராயிற்று. ஒரே ஆண்டில் 27 கிலோமீட்டருக்கு மேல் உயர்வு! 1996இல் ஆரி லைன்டைக் ஒரு சுற்றை மணிக்கு 382.2 கிலோமீட்டர் வேகத்தில் முடித்தார். அந்தச் சாதனை கால் நூற்றாண்டுக்கு மேல் முறியடிக்கப்படாமல் நின்றது. ஹாரூனின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆயிற்று. லைன்டைக்குக்கு 38 விநாடி கூட ஆகவில்லை. வளைவு அதே வளைவுதான்.

அந்த வளைவின் கேள்விக்கு விடை சொல்ல முடியாமல் ஒரு பந்தயமே குலைந்ததும் உண்டு. 2005 ஜூன் 19 அன்று, இதே வளாகத்தில் ஃபார்முலா 1 பந்தயம் நடந்தது. அதன் பாதை வளாகத்தின் உட்பகுதியில் வளைந்து வளைந்து சென்று, ‘500’ பந்தயத்தின் முதல் வளைவை எதிர்த்திசையில் கடந்தது. சாய்வான அவ்வளைவின் பளுவை மிச்செலின் டயர்கள் தாங்கவில்லை. பயிற்சியின்போதே ஒரு கார் மோதியது. தங்கள் டயர்கள் அங்குப் பாதுகாப்பானவை என்று நிறுவனம் உறுதி கூற இயலவில்லை. அந்த டயர் பூட்டிய 14 கார்களும் அணிவகுப்புச் சுற்றோடு விலகிக்கொண்டன. எஞ்சிய ஆறு கார்களே ஓடின. அவற்றுள் நான்காவதாக வந்தவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன். ஃபார்முலா 1 பந்தயத்தில் புள்ளிகள் பெற்ற முதல் இந்தியர் என்ற சிறப்பு அன்று அவருக்குக் கிடைத்தது. விலகிய 14 பேரை அன்று பலரும் ஏசினர். 1909இன் ஐந்து மரணங்களை அறிந்த நாம், ஓடாமல் நின்ற அம்முடிவைக் குறைத்து மதிப்பிட முடியாது.

நெருப்பும் சுவரும்

1964 மே 30. பந்தயத்தின் இரண்டாம் சுற்று. டேவ் மெக்டொனால்டின் கார் சுவரில் மோதித் தீப்பற்றியது. எடி சாக்ஸின் கார் அதன்மீது மோதியது. கறும்புகை வானை மறைத்தது. இருவரும் மாண்டனர். விபத்தின் காரணமாகப் பந்தயம் இடையில் நிறுத்தப்பட்டது அதுவே முதல் முறை. எரிந்தது பெட்ரோல்.

விதிகள் மாறின. 1965 முதல் மெத்தில் ஆல்கஹால் எரிபொருளாயிற்று. பெட்ரோல் தண்ணீரில் கலவாது. தண்ணீரின் மேல் மிதந்துகொண்டே எரியும். மெத்தில் ஆல்கஹாலோ தண்ணீரில் முற்றிலும் கலக்கக் கூடியது. ஆகவே தண்ணீரை ஊற்றியே தீயை அணைக்கலாம். புகையும் கிடையாது. ஆனால் இத்தீர்வும் ஒரு புதிய இடரோடு வந்தது. பெட்ரோல் சுடரின் மஞ்சள் ஒளி, அதிலுள்ள கரித்துகள்கள் சூடேறி ஒளிர்வதால் வருவது. மெத்தில் ஆல்கஹால் எரியும்போது கரித்துகள் உண்டாவதில்லை. அதனால் பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது! 1981இல் எரிபொருள் நிரப்பும்போது ரிக் மியர்ஸின் காரில் தீப்பிடித்தது. அவர் கைகளை வீசித் துடிக்கிறார், சுற்றியிருப்பவர்கள் துள்ளுகிறார்கள், நெருப்பு மட்டும் தெரியவில்லை. முகத்தில் தீக்காயங்களுடன் தப்பிய மியர்ஸ், பின்னர் மூன்று முறை வென்று, மொத்தம் நான்கு வெற்றிகள் பெற்றோர் வரிசையில் இடம்பெற்றார். 2007இல் பந்தயம் எத்தில் ஆல்கஹாலுக்கு மாறியது. அதன் சுடர் கண்ணுக்குத் தெரியும். 2023 முதல் பயன்படும் எரிபொருளின் பெரும்பகுதி கரும்புக் கழிவிலிருந்து பெறும் எத்தில் ஆல்கஹாலே.

அடுத்தது சுவர். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 120 கிலோமீட்டர் வேகம் 380 ஆகும்போது ஆற்றல் மூன்று மடங்கு அல்ல, பத்து மடங்காகிறது. கான்கிரீட் சுவர் நகராது. மோதும் கார் மிகக் குறுகிய தொலைவில் நிற்க வேண்டும். எடுத்துக்காட்டாக, சுவரை நோக்கிய வேகக்கூறு விநாடிக்கு 20 மீட்டர் என்று கொள்வோம். அரை மீட்டருக்குள் நின்றால் ஓட்டுநரின் உடல் புவியீர்ப்பைப்போல் 40 மடங்கு முடுக்கத்தைத் தாங்க வேண்டும். ஒரு மீட்டரில் நின்றால் 20 மடங்கு. அந்த அரை மீட்டர் உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட தொலைவாகலாம். கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னோக்கி இழுப்பதும் இதே தத்துவத்தால்தான். நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பொறியாளர்கள், கான்கிரீட்டுக்கு முன்னால் எஃகுக் குழாய்களை அடுக்கி, இடையில் நுரைப் பொருளை வைத்து, மோதும்போது உள்வாங்கும் சுவரை உருவாக்கினர். 2002 மே மாதம் அது முதன்முதலாக இண்டியானாபோலிஸ் வளைவுகளில் நிறுவப்பட்டது. பின்னர் மற்றப் பந்தயப் பாதைகளும் அதைப் பின்பற்றின.

இவ்வளவு விலை கொடுத்து இப்பந்தயம் நடக்கத்தான் வேண்டுமா என்று நீங்கள் கேட்டால், அது நேர்மையான கேள்வி. இண்டியானாபோலிஸில் ஒவ்வொரு பாடமும் விபத்துக்குப் பின்னரே கற்கப்பட்டது. முன்பே கணக்கிட்டிருந்தால் சில உயிர்களைக் காத்திருக்கலாம். தரை தாங்குமா என்பதை 1909 ஆகஸ்டுக்கு முன் யாரும் சோதிக்கவில்லை. எனினும், ஒரு விபத்தைத் தலைவிதி என்று தள்ளிவிடாமல், காரணத்தைத் தேடி, மறு ஆண்டுக்குள் மாற்றம் செய்யும் பழக்கம் அங்கே வேரூன்றியது. 2021இல் ஹேலியோ காஸ்ட்ரோநெவெஸ் நான்காம் முறையாக வென்றபோது சராசரி வேகம் மணிக்கு 307 கிலோமீட்டர். அந்நாள்வரை நடந்த பந்தயங்களில் அதுவே மிக விரைவானது. ஹாரூனைப்போல் இரண்டரை மடங்கு வேகத்தில் 33 கார்கள் ஓடின. உயிரிழப்பு ஏதும் இல்லை. இப்பந்தயத்தில் கொண்டாடத் தக்கது எது என்று என்னைக் கேட்டால், அந்த வேகத்தோடு இந்தச் செய்தியையும் சேர்த்தே சொல்வேன்.

ஒரு சிறு பயிற்சியோடு முடிக்கிறேன். உங்கள் ஊருக்கு அருகில் நெடுஞ்சாலையோ இரயில் பாதையோ வளையும் இடத்தைக் கவனியுங்கள். அங்கும் வெளிப்புறம் உயர்த்தப்பட்டிருக்கும். பக்கத்தில் ஒரு வேக வரம்புப் பலகையும் நிற்கலாம். வளைவின் ஆரத்தையும் சாய்வையும் தோராயமாக மதிப்பிட்டு, மேலே கண்ட முறையில் வேகத்தைக் கணக்கிடுங்கள். பிறகு மழை நாளில் உராய்வுக் குணகம் பாதியாகக் குறைந்தால் அவ்வேகம் என்னவாகும் என்றும் பாருங்கள். கிடைக்கும் விடையைப் பலகையிலுள்ள எண்ணோடு ஒப்பிட்டால், அந்த எண்ணை எழுதியவர் எதை நினைத்து எழுதினார் என்பது உங்களுக்குப் புரியும்.